காற்றை விட்டுவிட்டால் புதுச்சேரி வரைக்கும்

கடலூர்க்காரர்களுக்கு சில்வர் பீச் என்றால் மாலை நேரத்து பஜ்ஜி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், அவ்வளவுதான். அதற்குப் பக்கத்திலேயே, கெடிலம் கடலில் சேரும் இடத்தை ஒட்டி, தேவனாம்பட்டினத்தில் ஒரு காலத்தில் பெரிய கோட்டை இருந்தது என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். புனித டேவிட் கோட்டை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்துத் தள்ளினார். மிச்சம் இருந்ததை உப்புக்காற்றும் செடிகொடியும் பார்த்துக்கொண்டன.

அந்தக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய கதைதான் இந்தப் பதிவுக்கு ஆரம்பம். வருஷம் 1690. சென்னையில் எலிஹு யேல் கவர்னர். இன்றைக்கு அமெரிக்காவில் அவர் பெயரில் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அதே யேல்தான். செஞ்சியில் இருந்த மராத்தியரிடம் கோட்டைக்கு விலை பேசினார்கள். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும்? சங்கிலி போட்டு யாரும் அளக்கவில்லை. ஒரு பீரங்கியைக் கோட்டையிலிருந்து சுட வேண்டும். குண்டு போய் விழும் தூரத்துக்குள் இருக்கிற நிலம் எல்லாம் கம்பெனிக்கு. இதுதான் ஒப்பந்தம். சென்னையிலிருந்து பீரங்கியும் அதைச் சுடத் தெரிந்தவரும் வந்தார்கள். திசைக்கு ஒன்றாகச் சுட்டார்கள். கடலூர் ஊரும் சுற்றுவட்டாரக் கிராமங்களும் அப்படித்தான் கைமாறின. பழைய கெஸட்டியர்களில் அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். அங்கே உழுதுகொண்டிருந்தவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், அது வேறு கதை.

ஒப்பந்தத்தில் 'ரேண்டம் ஷாட்' என்று ஒரு சொல் வருகிறது. முதலில் படித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ சுட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படியில்லை. அந்தக் காலத்துப் பீரங்கிக்காரர்களுக்கு ரேண்டம் என்றால் பீரங்கியின் வாயை மேலே தூக்கிச் சுடும்போது குண்டு போகும் தூரம். கிட்டத்தில் இருப்பதை நேராகக் குறிவைத்துச் சுடுவது ஒன்று; தூக்கி வைத்து, போகிற மட்டும் போகட்டும் என்று விடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் இங்கே நடந்தது. வெடிமருந்தை எவ்வளவு கெட்டிக்கலாம், எவ்வளவு தூக்கலாம் என்பதெல்லாம் பீரங்கிக்காரரின் சாமர்த்தியம். நிலம் வாங்கப் போகிறவன் ஏன் குறைத்துச் சுடப்போகிறான்?

இந்த விஷயம் ரொம்ப வருஷமாகவே எனக்குத் தெரியும். ஆனால் போன வருஷம்தான் அது தலைக்குள் ஏறி உட்கார்ந்தது. காரணம், நான் டியூஷன் எடுக்கும் பிளஸ் ஒன் பையன் ஒருவன்.

எறிபொருள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வினாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் சுடப்படும் குண்டு, 45 பாகை, கிடைத்தள நெடுக்கம் காண்க, காற்றுத்தடையைப் புறக்கணிக்கவும். வேகத்தை வர்க்கப்படுத்தி 9.8 ஆல் வகுத்தால் 25 கிலோமீட்டரும் கொஞ்சமும். எல்லோரும் போட்டுவிட்டார்கள். அவன் மட்டும் பேனாவை வைத்துவிட்டு, "சார், காத்த விட்டுடுன்னு போட்டிருக்கு. விடலன்னா எவ்ளோ சார் வரும்?" என்றான்.

"கொஞ்சம் குறையும்" என்றேன்.

கொஞ்சம் குறையும்! இருபது வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இதைத்தான் சொன்னார். எவ்வளவு என்று நான் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. அன்றைக்கு இரவு உட்கார்ந்தேன்.

கணக்கு கடினமில்லை, ஆனால் பேப்பரில் முடியாது. காற்றின் இழுவிசை வேகத்தைப் பொறுத்தது, வேகமோ இழுவிசையால் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் ஒரே சூத்திரத்தில் விடை வராது. நூறில் ஒரு வினாடி, நூறில் ஒரு வினாடியாகக் குண்டைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். பைத்தான் என்ற கணினி மொழியில் நாற்பது வரி எழுதினேன். குண்டுக்கு, பழைய காலத்து 24 பவுண்டு இரும்புக் குண்டு. எடை 11 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, விட்டம் சுமார் 14 சென்டிமீட்டர், ஒரு நடுத்தரத் தேங்காய் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வேகம் வினாடிக்கு 503 மீட்டர்.

காற்று இல்லாமல் விட்டால் 25.8 கிலோமீட்டர். காற்றோடு விட்டால் நாலு கிலோமீட்டரும் சொச்சமும்.

நிரலில் தப்பு என்றுதான் நினைத்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன். தப்பில்லை. ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. பிறகு வரைபடத்தைத் திறந்து தேவனாம்பட்டினத்தில் ஊசியைக் குத்தி இரண்டு வட்டம் போட்டேன். உள்வட்டம் திருப்பாதிரிப்புலியூரையும் ஓ.டி. என்கிற ஓல்டு டவுன் பக்கத்தையும் தொட்டு நின்றுகொண்டது. வெளிவட்டத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மேற்கே பண்ருட்டி வரைக்கும், வடக்கே புதுச்சேரியைத் தாண்டியும் போகிறது. 1690-ல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதாவது, பாடப்புத்தகத்தில் உள்ளபடி காற்று இல்லாமல் இருந்திருந்தால், நல்ல பீரங்கி ஒன்றை வைத்துக்கொண்டு யேல் புதுச்சேரியையும் சேர்த்துப் பட்டா போட்டிருக்கலாம். 1690-ல் சுட்டது 24 பவுண்டுப் பீரங்கி என்று நான் சொல்லவில்லை, கணக்குக்காக எடுத்துக்கொண்டது. எதைச் சுட்டிருந்தாலும் எல்லையை நிர்ணயித்தது மருந்தைவிடக் காற்றுதான்.

எதனால் இவ்வளவு? காற்று லேசானது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதால்தான் இது ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ எடை. நம் தேங்காய் அளவுக் குண்டு ஒரு கிலோமீட்டர் போவதற்குள் தன் வழியில் இருக்கும் காற்றில் சுமார் 19 கிலோவை முட்டி விலக்க வேண்டும். குண்டின் எடையே 11 கிலோ. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் தன்னைப்போல் ஒன்றே முக்கால் பங்கு எடையை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போகிறவன் எவ்வளவு தூரம் போவான்?

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், இதே கணக்கை, கிட்டத்தட்ட இதே குண்டுக்கு, 1742-லேயே ஒருவர் போட்டுவிட்டார் என்று தெரிந்தது. அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்.

ராபின்ஸ் 1707-ல் இங்கிலாந்தில் பாத் நகரத்தில் பிறந்தவர். ஏழைக் குவேக்கர் குடும்பம். குவேக்கர்கள் போரே கூடாது என்று சொல்கிற கிறிஸ்தவப் பிரிவினர். அந்த வீட்டுப் பிள்ளை பீரங்கிக் கணக்கில் உலகப் புகழ் பெற்றார். அவர் காலத்தில் பீரங்கிப் பாதை என்றால் கலிலியோ 1638-ல் சொன்ன பரவளையம்தான், காற்றே இல்லாவிட்டால் எறிந்த பொருள் போகும் வளைகோடு. கலிலியோ காற்றை மறந்தவர் இல்லை. வேகமான குண்டுகளுக்குப் பாதை மாறும் என்று அவரே எழுதியிருக்கிறார். பின்னால் வந்தவர்களுக்குத்தான் பரவளையம் பிடித்துப்போய்விட்டது. இவ்வளவு கனமான இரும்பை இவ்வளவு லேசான காற்று என்ன செய்துவிடும் என்று படித்தவர்களே எழுதினார்கள்.

ராபின்ஸ் செய்தது மிக எளிமையான காரியம். கனமான மரக்கட்டையைக் கட்டித் தொங்கவிட்டார், ஊஞ்சல் மாதிரி. அதன் மேல் துப்பாக்கியால் சுட்டார். குண்டு கட்டைக்குள் புதைந்து, கட்டை பின்னால் ஆடும். அடியில் ஒரு நாடா கட்டியிருப்பார். கட்டை எவ்வளவு ஆடியதோ அவ்வளவு நாடா இழுபடும். அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். கடிகாரமே தேவையில்லை. வினாடிக்கு அரைக் கிலோமீட்டர் போகிற பொருளின் வேகத்தை ஒரு கட்டையும் நாடாவும் வைத்து அளந்தார். இன்றைக்கும் நம் பாடத்தில் உந்த அழிவின்மைக்குக் கீழே இந்த ஊஞ்சல் வருகிறது. அதைச் செய்தது யார், எதற்காகச் செய்தார் என்றுதான் யாரும் சொல்வதில்லை.

அதோடு விட்டிருந்தால் அது வெறும் வேகமானி. அவர் ஊஞ்சலைத் தள்ளித் தள்ளி வைத்தார். 25 அடி தூரத்தில் குண்டின் வேகம் வினாடிக்கு 1,670 அடி. 75 அடியில் 1,550. 125 அடியில் 1,425. நூறு அடி போவதற்குள் ஏழில் ஒரு பங்கு வேகம் போய்விட்டது! நடுவில் காற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. இதிலிருந்து கணக்கிட்டால், முக்கால் அங்குல ஈயக் குண்டைக் காற்று அதன் எடையைப்போல் சுமார் 120 மடங்கு விசையோடு பின்னால் தள்ளுகிறது. 24 பவுண்டு இரும்புக் குண்டுக்கு 20 மடங்குக்கு மேல். பூமி இழுப்பதைவிட இருபது மடங்கு அதிகமாகக் காற்று தள்ளுகிறது. நாமோ பூமியின் இழுப்பை மட்டும் வைத்துக்கொண்டு காற்றைப் புறக்கணிக்கிறோம். அந்தக் குண்டு காற்றில்லாமல் 16 மைல் போகவேண்டும், உண்மையில் 3 மைல்கூடப் போவதில்லை என்று ராபின்ஸ் எழுதினார். என் மடிக்கணினி சொன்னதும் அதுவேதான்.

பெரிய குண்டுக்கு 20 மடங்கு, சின்னதுக்கு 120 மடங்கு என்பதைக் கவனியுங்கள். காற்று தள்ளுவது குண்டின் முகப்பரப்பை. எதிர்த்து நிற்பது குண்டின் எடை. விட்டத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நாலு மடங்கு, எடை எட்டு மடங்கு. அதனால் பெரியது எப்போதும் காற்றை எதிர்த்து நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஒரு கைப்பிடி மணலை வீசிப் பாருங்கள், அப்புறம் ஒரு கல்லை வீசிப் பாருங்கள்.

ராபின்ஸ் இன்னொன்றையும் கவனித்தார். எனக்கு உண்மையிலேயே மலைப்பு தருவது இதுதான். மெதுவாகப் போகும் குண்டுக்கு இருக்கும் விதி, வேகம் வினாடிக்கு சுமார் 1,100 அடியைத் தாண்டியதும் பொய்த்துப்போகிறது. தடை திடீரென்று எகிறுகிறது, ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அவர் கணித்தார். அந்த வேகம் ஒலியின் வேகத்துக்கு வெகு அருகில் இருக்கிறது என்பதையும் குறித்து வைத்தார். ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தை முட்டிக்கொண்டு திணறிய காலத்துக்கு இருநூறு வருஷம் முன்னால், ஒரு மரக்கட்டை ஊஞ்சலை வைத்துக்கொண்டு!

காரணம் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஒலியின் வேகம் என்பது ஒரு இடத்துக் காற்று பக்கத்துக் காற்றுக்குச் சேதி சொல்லும் வேகம். குண்டு அதைவிட மெதுவாக வந்தால், வருகிறது என்ற சேதி முன்னால் போய், காற்று ஒதுங்கி வழிவிட்டுவிடும். சேதியைவிட வேகமாகக் குண்டே வந்துவிட்டால் ஒதுங்க நேரமில்லை. காற்று முகத்தில் நசுங்கி ஒரு சுவராக எழும். 1887-ல் எர்ன்ஸ்ட் மாஹும் பேட்டர் சால்ஷரும் பறக்கும் தோட்டாவைப் படம் பிடித்து வெளியிட்டபோது, அந்தச் சுவர் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது. படகின் முன்னால் தண்ணீர் இரண்டு பக்கமும் விரிந்து போகுமே, அதே வடிவம். மாஹ் பெயரைத்தான் இன்றைக்கு மாக் எண் என்று சொல்கிறோம். என் நிரலில் அந்தத் தேங்காய்க் குண்டு முதல் 500 மீட்டருக்குள் ஒலியின் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு வினாடிகூட ஆகாது. அவ்வளவு மருந்தைக் கொட்டி வாங்கிய வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு, கெடிலத்தைத் தாண்டுவதற்குள் காலி.

ராபின்ஸ் இதையெல்லாம் எழுதிய அந்த 1742 புத்தகத்துக்கு ஒரு ருசியான பின்கதை உண்டு. ராபின்ஸ் 1739-ல் லியோனார்ட் ஆய்லர் என்ற மாபெரும் கணித மேதையின் நூலைக் கடுமையாகத் தாக்கி எழுதியிருந்தார். பிறகு பிரஷ்ய மன்னர் பிரெடெரிக், பீரங்கியைப் பற்றி இருப்பதிலேயே நல்ல நூல் எது என்று கேட்டபோது, ஆய்லர் கைகாட்டியது இதே ராபின்ஸின் புத்தகத்தை. கைகாட்டியதோடு விடாமல் அவரே ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிடப் பல மடங்கு நீளத்துக்கு விளக்கவுரையும் எழுதி 1745-ல் வெளியிட்டார். சில இடங்களில் ராபின்ஸுக்குக் கொட்டும் வைத்தார், ஆனாலும் பெருந்தன்மைதான். அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டி ராபின்ஸுக்கு காப்லி பதக்கம் கொடுத்தது. காற்றின் தடையைப் பற்றிய சோதனைகளுக்காக.

ஆய்லர் கொட்டு வைத்த இடங்களில் ஒன்றில் ராபின்ஸ் சொன்னதுதான் சரியாகப் போயிற்று. உருண்டைக் குண்டு ஏன் நேராகப் போகாமல் பக்கவாட்டில் விலகுகிறது? சுழல்வதால் என்றார் ராபின்ஸ். நிரூபிக்க ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடதுபக்கம் கொஞ்சம் வளைத்தார். வழியில் மெல்லிய தாள்களைத் திரை மாதிரி நிறுத்தினார். குண்டு முதலில் இடதுபக்கம்தான் போனது. அப்புறம் வளைந்து திரும்பி, வலதுபக்கம் போய் விழுந்தது. வளைந்த குழலில் உரசி அது பெற்ற சுழற்சி, காற்றில் அதைத் திருப்பிவிட்டது. ஸ்விங் பந்தைப் பற்றிப் பேசும் நம் பையன்களுக்கு இது உடனே பிடிக்கும் என்று நினைத்தேன். ஆனால் கிரிக்கெட் ஸ்விங் தையலால் வருவது, இது சுழற்சியால் வருவது. கால்பந்தில் ஃப்ரீ கிக் வளைகிறதே, அதுதான் இதற்குச் சரியான உதாரணம். ஆக, குழலுக்குள் திருகு வரி வெட்டி, குண்டு போகும் திசையை அச்சாகக் கொண்டு சுழலவைத்தால் விலகாது என்றார். எந்த நாடு இதை முதலில் பிடித்துக்கொள்கிறதோ அது மற்றவர்களை மிஞ்சும் என்றும் சொன்னார். நூறு வருஷம் கழித்துப் பீரங்கிகளில் அது வந்தது.

சுழலத் தெரிந்ததும் குண்டு உருண்டையாக இருக்கவேண்டிய கட்டாயம் போயிற்று. நீளமாக, மூக்குக் கூராக, உள்ளே எடையை அடைத்துச் செய்தார்கள். முகப்பரப்பு அதேதான், எடை மட்டும் மூன்று நாலு மடங்கு. இன்றைய 155 மில்லிமீட்டர் பீரங்கியின் பழைய ரக ஷெல் 43 கிலோ. வினாடிக்கு 684 மீட்டரில் கிளம்பினால் காற்றில்லாமல் 47 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும், காற்றில் 18 போகிறது. ஆறில் ஒன்றாக இருந்தது ஐந்தில் இரண்டாக ஆகியிருக்கிறது. இருநூறு வருஷ உழைப்புக்குக் கிடைத்தது அவ்வளவு.

முன்பக்கத்தைச் சீவிச் சீவிக் கூராக்கியவர்கள் பின்பக்கத்தை ரொம்ப நாள் மறந்தே போனார்கள். நீங்கள் ஈ.சி.ஆரில் வேகமாகப் போகும் பஸ்ஸுக்குப் பின்னால் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். பஸ் போன தடத்தில் சருகும் காகிதமும் பஸ்ஸையே துரத்திக்கொண்டு ஓடும். பஸ்ஸின் தட்டையான பின்பக்கத்தில் காற்று போய்ச் சேர முடியாமல் ஒரு வெற்றிடம் உண்டாகி, சுற்றியிருப்பதை உள்ளே இழுக்கிறது. சருகை இழுப்பது போலவே பஸ்ஸையும் பின்னால் இழுக்கிறது. ஷெல்லுக்கும் இதே கதைதான். ஒலியை மிஞ்சிய வேகத்தில் மொத்தத் தடையில் பெரும் பங்கு, சில வடிவங்களில் பாதி வரைக்கும், இந்த வாலில் இருக்கிறது.

இதற்கு முதல் வைத்தியம், படகின் பின்பக்கம் மாதிரி வாலைக் கொஞ்சம் குறுக்கிவிடுவது. இரண்டாவது வைத்தியம் ஸ்வீடன்காரர்கள் 1960-களின் கடைசியில் செய்தது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஷெல்லின் அடியில் சின்னதாக ஒரு அடுப்பு. பறக்கும்போது மெதுவாக எரிந்து புகையை வாலில் விட்டுக்கொண்டே வரும். இது ராக்கெட் இல்லை, தள்ளுவதற்கு அதில் வலு கிடையாது. வெற்றிடத்தை நிரப்புவது மட்டும்தான் வேலை. அந்தப் புகைக்கே தூரம் பத்தில் ஒரு பங்கிலிருந்து பத்தில் மூன்று பங்கு வரை கூடிவிடுகிறது. நம் நாட்டில் செய்த அட்டாக்ஸ் பீரங்கி 2017-ல் பொக்ரானில் 48 கிலோமீட்டர் சுட்டதும் இப்படி அடுப்பு வைத்த ஷெல்லைத்தான்.

இந்த விஷயத்தில் மூழ்கிப்போனவர்களில் ஜெரால்ட் புல் என்ற கனடாக்காரரைச் சொல்லாமல் முடியாது. பார்படோஸ் தீவில் 16 அங்குலக் கப்பல் பீரங்கியை வானத்தைப் பார்த்து நிறுத்தி, ராக்கெட் இல்லாமலே மேல்வானத்தை ஆராயக் கிளம்பினார். அந்தத் திட்டத்தின் இன்னொரு பீரங்கி 1966 நவம்பரில் அரிசோனாவில் ஒரு கலத்தை 180 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பியது. விண்வெளி தொடங்குவதாகச் சொல்லும் உயரத்தைவிட அதிகம். திட்டத்துக்குப் பணம் நின்றதும், நீண்டு ஒல்லியான 155 மில்லிமீட்டர் ஷெல் பக்கம் திரும்பினார். அதே பீரங்கிக் குடும்பத்தில் தூரத்தை 30 கிலோமீட்டருக்குக் கொண்டுபோன வடிவம் அவருடையது. பிறகு நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு விற்றார், சிறைக்குப் போனார், கடைசியில் சதாம் உசேனுக்கு ராட்சதப் பீரங்கி செய்ய இறங்கினார். 1990 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மேதைதான். ஆனால் தன் ஷெல் எங்கே விழும் என்ற கேள்வியை மீட்டர் கணக்கில் மட்டும் கேட்டுக்கொண்டவர் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு விஷயம், 45 பாகை. பாடத்தில் அதிகபட்ச நெடுக்கத்துக்கு 45 என்று உருப்போட வைக்கிறோம். காற்று இருந்தால் இதுவும் பொய். உருண்டைக் குண்டுக்கு 45-க்குக் கீழே சுட்டால்தான் அதிக தூரம். கடைசியில் வேகமெல்லாம் செத்து, குண்டு ஏறக்குறையச் செங்குத்தாக விழும். அதனால் வேகம் இருக்கும்போதே முன்னால் போய்க்கொள்வது நல்லது. சரி, எப்போதும் 45-க்குக் கீழேதானா என்றால் அதுவும் இல்லை.

1918-ல் ஜெர்மானியர்கள் பாரிஸைச் சுட ஒரு பீரங்கி செய்தார்கள். 120 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து. அதைச் சுட்டது 50 பாகைக்கு மேல் தூக்கி வைத்து! வேகம் வினாடிக்கு 1,600 மீட்டருக்கு மேல். அவ்வளவு வேகமும் உயரமும் இருந்தால், அடர்ந்த காற்றைச் சீக்கிரமே கிழித்துக்கொண்டு மேலே போய்விடலாம். 40 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் முந்நூறில் ஒரு பங்கு. அங்கே கிட்டத்தட்ட நம் பாடப்புத்தக உலகம்தான். குண்டு நல்ல பரவளையத்தில் போகும். பாதையின் பெரும்பகுதியை அங்கே ஓட்டிவிட்டுக் கடைசியில் காற்றுக்குள் இறங்கினால் போதும். குழல் ஒவ்வொரு சுடலிலும் தேய்ந்துகொண்டே போனதால், ஒவ்வொரு குண்டும் முந்தியதைவிட ஒரு இழை பெரிதாகச் செய்யப்பட்டு, அதில் வரிசை எண் போடப்பட்டிருந்தது. மார்ச் 23-ல் முதல் குண்டு விழுந்தபோது வானத்தில் விமானத்தைத் தேடினார்கள். மார்ச் 29, பெரிய வெள்ளிக்கிழமை, பூசை நடந்துகொண்டிருந்த சென் ஜெர்வே தேவாலயத்தின் கூரையில் ஒன்று விழுந்து தொண்ணூறு பேருக்குப் பக்கத்தில் செத்தார்கள். இந்தக் கணக்குகளைப் போடும்போது எனக்கு வரும் குஷி, இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறது.

எங்கள் தெருவில் பீரங்கிப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். டீக்கடையில் அவரிடம் என் வட்டங்களைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "தம்பி, நீ ஒரே காத்த வச்சிக்கிட்டு போட்டிருக்க. காத்து ஒண்ணா இருக்கு?" என்றார்.

"என்ன அண்ணே சொல்றீங்க?"

"காலைல ஒரு காத்து, மத்தியானம் ஒரு காத்து. பலூன் வுட்டு, மேல மேல எவ்ளோ சூடு, எவ்ளோ வேகம்னு எடுத்து, அது வந்தப்புறந்தான் கன்னுக்கு எலிவேஷன் சொல்லுவோம். லடாக் பக்கம் போனா கீழ போட்ட டேபிளே ஒதவாது. குண்டு பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும்."

அவர் சொன்னது சரி. 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதே பீரங்கி, அதே மருந்து, ஆனால் தூரம் கிலோமீட்டர் கணக்கில் கூடிவிடும். அதே சமயம் குளிரில் மருந்து மந்தமாக எரிந்து, கிளம்பும் வேகம் கொஞ்சம் குறையும். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகமும் குறைவு, அதனால் அந்தக் காற்றுச் சுவர் இன்னும் முன்னாடியே வரும். இத்தனையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, மலை முகட்டுக்கு இந்தப் பக்கம் நம் ஆள், அந்தப் பக்கம் எதிராளி என்றிருக்கும்போது சுடவேண்டும். 1999 கார்கிலில் போஃபர்ஸ் பீரங்கிக்காரர்கள் செய்தது இதைத்தான்.

எவ்வளவு தூக்கிச் சுட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று எழுதிவைத்த அந்த டேபிளுக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவில் ஒரே ஒரு பாதையைக் கணக்கிட, மேசைக் கணக்கு இயந்திரத்தோடு ஒரு பெண் இருபது மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. ஒரு பீரங்கியின் டேபிளுக்கு ஆயிரக்கணக்கில் பாதைகள். அந்த வேலை தாங்காமல்தான் எனியாக் கணினியைச் செய்தார்கள். அது அரை நிமிஷத்தில் ஒரு பாதையைப் போட்டது. செய்து முடிப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. நான் பைத்தானில் எழுதிய நாற்பது வரியும் அந்தப் பெண்கள் பென்சிலால் செய்த வேலையும் ஒன்றேதான். நூறில் ஒரு வினாடி, நூறில் ஒரு வினாடி.

ராபின்ஸ் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். காப்லி பதக்கம் வாங்கிய பிறகு அவருக்கு ஒரு வேலை வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். இந்தியாவில் இருக்கும் கோட்டைகளைப் பலப்படுத்த வேண்டும். சென்னையை 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்திருந்ததால், கம்பெனியின் தலைமையிடம் அப்போது வேறு ஊரில் இருந்தது. 1750 ஜூலையில் வந்து இறங்கினார். சோழமண்டலக் கடற்கரையின் வெயிலும் காய்ச்சலும் அவரை ஒரு வருஷம்தான் விட்டுவைத்தன. 1751 ஜூலை 29-ல் இறந்தார். வயது 44.

இறந்த இடம், தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டை.

இதைப் படித்தபோது இரவு மணி பன்னிரண்டு. விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றேன். பீரங்கிக் குண்டு போன தூரத்தை வைத்து எல்லை வரைந்த கோட்டைக்குள், பீரங்கிக் குண்டு ஏன் அவ்வளவு தூரம்தான் போகும் என்று அளந்து சொன்னவர் படுத்துக் கண்ணை மூடியிருக்கிறார். என் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். சில்வர் பீச்சுக்கு எத்தனை தடவை போயிருப்பேன்.

மறுநாள் டியூஷனில் அந்தப் பையனிடம், "கொஞ்சம் குறையும்னு சொன்னேன்ல, தப்பு. ஆறுல ஒரு பங்குதான் மிஞ்சும்" என்றேன். "அப்ப பரீட்சைல எத சார் எழுதுறது?" என்று கேட்டான். இருபத்தைந்து கிலோமீட்டரையே எழுதச் சொன்னேன்.

வீட்டில் அம்மாவிடம் செல்போனில் இரண்டு வட்டத்தையும் காட்டினேன். அம்மா பிறந்த ஊர் நெல்லிக்குப்பம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் திரையை இழுத்து இழுத்து அதைத் தேடிக் கண்டுபிடித்தார். சின்ன வட்டத்துக்கு வெளியே, பெரிய வட்டத்துக்கு உள்ளே இருந்தது.

"காத்து இல்லன்னா எங்க ஊரும் போயிருக்குமா?"

"போயிருக்கும்மா."

"நல்ல வேள" என்று சொல்லிவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்து, மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார்.